கரு கலைந்த பின் தரப்படும் மருந்துகள்: எது எதற்கு?

வயிற்றில் தங்கிய கருவை இழந்து வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் சகோதரியின் கையில் ஒரு 'டயக்னோசிஸ் காட்'டும், குளிசைகள் போட்ட நாலைந்து கடதாசி உறைகளும் இருக்கும். துக்கத்தின் பாரத்தில் 'இது எதற்கு?' என்று கேட்க அவளுக்கு வாய் வருவதில்லை. கணவனோ 'பெண்கள் விடயம்' என்று ஒதுங்கி நிற்கிறான். வலி குறைந்ததும் உறைகள் அலுமாரிக்குள் போய்விடுகின்றன.

நோய்க்கு மருந்து செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மருந்து செய்வது தவக்குலுக்கு முரணானதல்ல. ஆனால் எது எதற்கென்று தெரியாமல் குடிப்பதும், தெரியாமலே நிறுத்துவதும் அந்த ஏவலை நிறைவேற்றியதாகாது.

கருப்பையைச் சுருக்கும் மருந்து

கரு கலைந்த பின் அதன் பகுதிகள் கருப்பையில் தங்கிவிட்டால் இரத்தம் நிற்காது, கிருமியும் தொற்றும். எஞ்சியதை வெளியேற்ற 'மிஸோப்ரொஸ்டோல்' என்ற குளிசையை வைத்தியர் கொடுப்பதுண்டு. இது முதலில் இரைப்பைப் புண்ணுக்காக வந்த மருந்து. பெட்டியில் உள்ள துண்டை வாசித்துவிட்டு 'டொக்டர் மருந்தை மாற்றித் தந்துவிட்டார்' என்று பதற வேண்டியதில்லை. இதைப் பாவித்ததும் அடிவயிற்று வலி, நடுக்கம், காய்ச்சல், வயிற்றோட்டம் ஏற்படலாம். இவை பெரும்பாலும் ஒரு நாளைக்குள் அடங்கிவிடும்.

இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த 'எர்கோமெட்ரின்' வகை மருந்தும் கொடுக்கப்படுகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. 'பிரஷர்' இருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வலிக்கும் கிருமிக்கும்

பரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசையை வளர்ந்தவர்கள் 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் குடிக்கக் கூடாது. தடிமல் மருந்துகள் பலவற்றிலும் பரசிட்டமோல் கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்துக் குடிப்பது ஆபத்து. மெபெனமிக் அசிட், இபுபுறூபன் போன்றவற்றைச் சாப்பிட்ட பின்பே குடிக்க வேண்டும். இரைப்பைப் புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் வைத்தியரிடம் சொல்லாமல் இவற்றைத் தொடக் கூடாது.

கிருமி கொல்லி மருந்து எல்லோருக்கும் தரப்படுவதில்லை. தரப்பட்டால், காய்ச்சல் விட்டாலும் வலி நின்றாலும், சொன்ன நாட்கள் முடியும்வரை குடித்தே ஆக வேண்டும். 'மெட்ரோனிடசோல்' குடிக்கும்போது வாயில் உலோகச் சுவை வரும். சிறுநீரும் சற்றுக் கறுக்கலாம். இதற்காக அதை நிறுத்த வேண்டாம். 'டொக்ஸிசைக்கிளின்' என்றால் நிறையத் தண்ணீருடன் குடித்து, உடனே படுக்காமல் இருக்க வேண்டும்; இரும்புக் குளிசையுடன் சேர்த்துக் குடிக்கக் கூடாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் 'காட்'டில் எழுதுவித்துக்கொள்வது நல்லது.

இரும்பும் போலிக் அசிட்டும்

இழந்த இரத்தத்தை ஈடுசெய்ய இரும்புக் குளிசை. இதைக் குடித்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நம் வீடுகளில் நடக்கும் தவறு, இதைப் பிளேன்டீயோடு விழுங்குவது. தேயிலைச் சாயம் இரும்பை உடலில் சேரவிடாது. தேநீருக்கும் குளிசைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். தேசிக்காய்த் தண்ணீருடன் குடித்தால் பலன் கூடும்.

போலிக் அசிட் அடுத்த கருவுக்கான முன்னேற்பாடு. குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கருத்தரித்து நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. தாய்க்குத் தான் கர்ப்பம் என்று தெரியவரும்போது அந்தக் காலம் கடந்தும் போயிருக்கலாம். அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே இதைக் குடிக்கச் சொல்கிறார்கள்.

மறக்கக் கூடாத ஊசி

தாயின் இரத்தம் 'நெகட்டிவ்' வகையாகவும் கருவின் இரத்தம் 'பொசிட்டிவ்' வகையாகவும் இருந்தால், கரு கலையும்போது அதன் இரத்தம் தாயின் இரத்தத்தில் கலந்துவிடலாம். அப்போது தாயின் உடல் அதற்கெதிராகப் பொருட்களை உண்டாக்கும். அவை அடுத்த குழந்தையின் இரத்தக் கலங்களை அழித்து, அதன் உயிருக்கே ஆபத்தை ஏற்படுத்தும். 1968 முதல் பாவனையில் உள்ள 'அன்டி-டி' ஊசி இதைத் தடுக்கிறது. இதை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆரம்ப வாரங்களில் கரு தானாகவே முழுமையாகக் கலைந்திருந்தால் ஊசி தேவைப்படாமலும் இருக்கலாம்; அதை முடிவு செய்வது வைத்தியர். ஆனால் 'என் மனைவி நெகட்டிவ், ஊசி வேண்டுமா?' என்று கேட்பது கணவனின் கடமை.

இது மனித இரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்து எடுக்கப்படுவதால் 'ஆகுமா?' என்று சிலர் தயங்குகிறார்கள். உயிர் காக்க இரத்தம் ஏற்றுவதை இக்கால மார்க்க அறிஞர்கள் நிர்ப்பந்தம் கருதி அனுமதித்திருக்கிறார்கள். பிறக்கப்போகும் பிள்ளையின் உயிரைக் காக்கும் இந்த ஊசியும் அவ்வாறானதே.

தொழுகை

கரு கலைந்த பின் வரும் இரத்தம் ஷாபிஈ மத்ஹபின்படி நிபாஸாகும். கலைந்தது இரத்தக்கட்டி நிலையில் இருந்தாலும் சட்டம் அதுதான். அது மருந்தினால் நின்றாலும் தானாக நின்றாலும், நின்றதும் குளித்துத் தொழ வேண்டும். நாற்பது நாள் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விடுபட்ட தொழுகைகளுக்குக் கழா இல்லை. ரமழான் நோன்புக்கு உண்டு.

உடனே போக வேண்டிய நேரம்

ஒரு மணி நேரத்தில் இரண்டு 'பேட்' நனைந்து, அடுத்த மணி நேரத்திலும் அப்படியே இருந்தால், தலைசுற்றி மயக்கம் வந்தால், ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், துர்வாடை வீசினால், வயிற்று வலி கூடிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் காயமும் சரக்கும் அரைத்துக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

கணவன்மாரே! உறைகளை மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொன்றும் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று தமிழில் எழுதி வையுங்கள். விளங்காததை மருந்து கொடுப்பவரிடமோ உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடமோ கேளுங்கள். 'நீ பாரம் தூக்கியதால்தான்' என்று மனைவியைக் குறை சொல்லாதீர்கள். தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இவ்வாறு கலைகின்றன. அநேகமானவற்றுக்குக் காரணம் கரு உருவாகும்போதே ஏற்பட்ட குறைபாடு. மனைவி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இழந்த குழந்தைக்காக ஸப்ர் செய்யுங்கள். இருக்கும் தாயைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு ஆரோக்கியத்தை அருள்வானாக!