ஹப் கியர் சைக்கிளில் டீரெய்லர் மாட்டலாமா? முதல்ல அளந்து பாருங்க

பெங்களூரு மேடுகளில் உங்க பழைய 3 கியர் ஹப் சைக்கிள் மூச்சு வாங்க வைக்குதா? டீரெய்லர் கியருக்கு மாறும் முன் ஸ்கேலை எடுங்க.

ஹப் கியரில் எல்லாம் பின்சக்கர ஹப்புக்கு உள்ளேயே சுழலும். டீரெய்லரில் பற்சக்கரங்கள் வெளியே அடுக்கியிருக்கும். செயின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அதனால் பிரேமின் பின்பகுதி அகலமா இருக்கணும். பழைய 3 கியர் பிரேம்களில் அந்த இடைவெளி பெரும்பாலும் 110 முதல் 120 மி.மீ. ரிம் பிரேக் ரோடு பைக் சக்கரத்துக்கு 130, மவுண்டன் பைக் சக்கரத்துக்குப் பொதுவாக 135 தேவை.

ஸ்டீல் பிரேம்னா அனுபவமுள்ள மெக்கானிக் நிதானமாக விரித்துத் தருவார். அலுமினியம்னா வேண்டவே வேண்டாம், விரிசல் விடலாம்.

டீரெய்லர் தொங்க ஹேங்கரும் வேணும். பிரேமில் இல்லைன்னா, அச்சோடு சேர்த்து மாட்டும் தனி ஹேங்கர் கிடைக்கும். அது வளைந்தால் டீரெய்லர் ஸ்போக்ஸில் சிக்கி, ஓடும்போதே சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

மேடு மட்டும்தான் பிரச்னையா? ஹப்பின் 18 பல் சக்கரத்தை 22 பல்லாக மாத்துங்க, செயினைக் கொஞ்சம் நீட்டுங்க. மூன்று கியருமே சுமார் 18% இலகுவாகும். சமதளத்தில் வேகம் குறையும், பிரேம் தப்பிக்கும்.