ரேர்போவைக் கழற்றுமுன்…

கடந்த மாதம், ஜேர்மனிய நெடுஞ்சாலையில் பாரவூர்தி ஒன்றை முந்திக்கொண்டிருந்த வேளையில், எமது டீசல் வாகனம் திடீரெனத் தளர்ந்தது. எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மீண்டும் திருப்பியபோது ஒன்றும் நடவாததுபோல் ஓடியது. திருத்தகம் ஒன்றில் காட்டினோம். பொனற்றைத் திறவாமலே, "ரேர்போ முடிந்தது, புதியது போடவேண்டும்" என்றனர். கேட்ட தொகையோ ஒரு மாதச் சம்பளம். அதிகாலை வேலைக்குப் பேருந்து இல்லாத ஊர்களில் வாழும் எம்மவர்க்கு வாகனம் ஆடம்பரமன்று.

வெளியேறும் புகையால் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 100,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் அத்தண்டைத் தாங்குவது மெல்லிய ஒயிற் படலமே. 1990களின் பிற்பகுதியில் வந்த 1.9 லீற்றர் வொக்ஸ்வாகன் டி.டி.ஐ. பலவற்றில், புகைச் சக்கரத்தைச் சுற்றி அசையும் சிறு தகடுகள் உண்டு. நகரத்துக்குள்ளேயே மெதுவாக ஓடும் வாகனத்தில் இவை கரி படிந்து இறுகும். அமுக்கம் அளவு மீற, வாகனத்தின் கணினி தற்காப்பாக வலுவைக் குறைத்துவிடும்.

முதலில் றப்பர் குழாய்களைப் பாருங்கள். குழாய் வெடித்திருந்தால் கரும்புகை வரும். வலு எப்போதுமே குறைந்திருக்கும். நீலப்புகை எனின் ஒயில் எரிகிறது. பின்பு கியரை விடுவித்து, வீட்டில் ஒருவரை இயந்திரத்தை இயக்கி நிறுத்தச் சொல்லி, ரேர்போவின் பக்கத்திலுள்ள சிறு தண்டைக் கவனியுங்கள். அது சீராக இழுபட்டுத் திரும்பவேண்டும். எமதில் பாதியிற் சிக்கியது.

மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் திருத்தகங்கள் இங்கு உண்டு. தெருவோரத்தில் ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் படுக்கவேண்டாம். போல்ட்டுகளுக்கு முதல்நாளே துருநீக்கி அடித்திருந்தோம். ஆயினும் ஒன்று முறிந்தது!

கழற்றியதும் சக்கரத்தை விரலால் அசைத்தோம். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. முன்பின்னாக ஆடினாலோ, இதழ்கள் சுவரில் உரசியிருந்தாலோ கழுவிப் பயனில்லை. கோதுகள் பொருந்தியிருந்த விதத்தை அடையாளமிட்ட பின்னரே பிரித்தோம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சமையல் அடுப்பின் கரி நீக்கும் நுரையைத் தகடுகளில் ஊறவிட்டு, பித்தளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி உலர்த்தினோம். அந்நுரை அலுமினியத்தை அரிக்கும். இரும்பாலான புகைப்பக்கத்துக்கு மட்டுமே அது உகந்தது. தண்டுள்ள நடுப்பகுதியை அமிழ்த்தக்கூடாது.

பலர் தவறுவது பூட்டும்போதுதான். ஒயில் வரும் ஒடுங்கிய குழாய் கரியால் அடைத்திருந்தால் புத்தம்புதிய ரேர்போவும் எரிந்துபோகும். புதிய கஸ்கற்றுகளும் பில்ரரும் இட்டு, ரேர்போவின் ஒயில் துவாரத்தைப் புதிய ஒயிலால் நிரப்பினோம். எரிபொருட் பம்பியின் நிறுத்து வயரைக் கழற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டுச் சுழற்றிய பின்னரே இயக்கினோம்.

காற்றுக் குளிர்விப்பானில் தேங்கிய ஒயிலையும் வடித்துவிடுங்கள். டீசல் இயந்திரம் அந்த ஒயிலையே குடித்து, சாவியை அணைத்தாலும் நில்லாமல் வெறிகொண்டு சுழலக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் உயர் கியரில் இட்டு, பிறேக்கை முழுதாக மிதித்தபடி கிளச்சை விட்டு அடக்கவேண்டும்.

பழைய ஒயிலை, வாங்கிய கடையே பற்றுச்சீட்டுக்கு அதேயளவு இலவசமாகத் திரும்ப ஏற்கவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். எமது கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். சீட்டை நீட்டியதும் பீப்பாயைக் காட்டினார்.