குடும்பத்தோடு கடலுக்குப் போக ஒரு கெபின் படகு: விலை பேச முன் போட வேண்டிய கணக்கு

அண்மைக் காலமாக எமது பகுதி வர்த்தகர்கள் சிலர் என்னிடம் ஒரே விடயத்தைக் கேட்கிறார்கள். பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளோடு கடலில் ஒரு சுற்றுப் போய்வர, பெண்கள் மறைவாக இருக்கக்கூடிய சிறிய கெபின் படகொன்று வாங்கலாமா என்பதே அது. வெளிநாட்டில் பாவித்த படகொன்றின் படத்தைக் காட்டி, "இது என்ன விலைக்கு வரும்?" என்று விசாரிப்பவர்களும் உண்டு. ஆசை நியாயமானதுதான். ஆனால் விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்தப் படகு இரவில் எங்கே நிற்கப் போகிறது?

கரை தான் படகைத் தீர்மானிக்கும்

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை எமது கரை திறந்த மணற்கரை. 18, 19 அடி பைபர் படகை ஆட்கள் சேர்ந்து மணலில் ஏற்றிவிடலாம். 22 அடி கெபின் படகோ இயந்திரத்தோடு ஒன்றரைத் தொன் அளவு பாரம் வரும். அதை அன்றாடம் மணலில் இழுக்க முடியாது. அதற்குத் துறைமுகம் வேண்டும். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்ததையும், அதன் அயலில் கரை அரிக்கப்பட்டதையும் நாம் அறிவோம். எனவே துறைமுகத்தை நம்பிப் பெரிய படகு வாங்குபவர் முதலில் அங்குள்ள மீனவர்களிடம் வாயிலின் நிலையைக் கேட்டறிய வேண்டும்.

மாற்று வழி களப்பு. மட்டக்களப்பு வாவி பங்குடாவெளியிலிருந்து கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. பல இடங்களில் ஆழம் மிகக் குறைவு. அலையில்லாத இந்த நீரில் ஒன்றரை அடித் தண்ணீரிலும் ஓடக்கூடிய, அகலமான, ட்ரெய்லரில் வீட்டுக்கே கொண்டுவரக்கூடிய படகே எமக்குப் பொருந்தும்.

குளிர் நாட்டுக் கெபின் எமக்குச் சரிவருமா?

படங்களில் காணும் மூடிய கெபின் படகுகள் பல நோர்வே, பின்லாந்து, பிரித்தானியா போன்ற நாடுகளின் குளிர்ந்த கரையோரக் கடலுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே குளிர்காற்று உள்ளே வராமல் தடுப்பதே கெபினின் வேலை. எமது கடல்நீர் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை செல்சியஸ். இங்கே நண்பகலில் மூடிய கண்ணாடிக் கெபின் பாண் போறணை போலாகிவிடும்.

என் ஆலோசனை அரைக் கெபின். முன்பகுதியில் சிறிய அறையும் கழிப்பறையும், நடுவில் கூரை, பக்கங்களில் சுருட்டி இறக்கும் கன்வஸ் திரை. மறைவும் கிடைக்கும், காற்றும் வரும். கூரைமேல் எவரையும் ஏற விடாதீர்கள். பாரம் மேலே போகப் போகப் படகு கவிழும் ஆபத்து கூடும்.

ஐரோப்பியப் படகென்றால் அதில் பதித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். ஏ, பீ, சீ, டீ என நான்கு தரங்கள் உண்டு. 'சீ' கரையோரக் கடலுக்கானது. 2 மீற்றர் வரையான அலைக்குக் கணக்கிடப்பட்டது. 'டீ' களப்பு, குளம் போன்ற மறைப்பான நீருக்கு மட்டுமே. எத்தனை பேர் ஏறலாம் என்பதும் அதே தகட்டில் இருக்கும்.

காற்றும் இயந்திரமும்

வாடைக்காற்று வீசும் மாதங்களில் குடும்பத்தோடு கடலுக்குப் போவது பற்றி யோசிக்கவே வேண்டாம். கச்சான் காலத்தில் கடல் தட்டையாகத் தெரியும். அதிலும் ஆபத்து உண்டு. கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. இயந்திரம் நின்றால் படகு கரைக்கு வராது, ஆழ்கடலுக்கே இழுபடும். ஆகவே இரண்டாவது சிறிய இயந்திரமும் நங்கூரமும் கட்டாயம். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கு கையிருப்பு.

40 குதிரைவலு இரு வீச்சு இயந்திரம் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 20 லீற்றர் பெற்றோல் குடிக்கும். நான்கு வீச்சு இயந்திரத்துக்குச் சுமார் 15 லீற்றர் போதும். எந்த வகையானாலும், உதிரிப்பாகமும் திருத்துநரும் உள்ளூரில் கிடைக்கும் இயந்திரத்தையே வாங்குங்கள். கெபினுக்குக் கீழே பெற்றோல் இயந்திரம் உள்ள படகைத் தவிர்ப்பது நல்லது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அடித்தட்டில் தேங்கி ஒரு பொறியில் தீப்பற்றும்.

2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலரை இழந்தோம். அது கடலல்ல, களப்பு. கைக்குழந்தை முதல் பெரியவர் வரை ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் உயிர்காப்பு அங்கி வேண்டும். ஹபாயாவுக்கு மேலேயே அணியலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது.

பணக் கணக்கு

உதாரணத்துக்கு 40 இலட்சம் ரூபா படகு என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புக்கு வருடம் விலையில் பத்திலொரு பங்கு என்பது பொதுவான கணக்கு. அது 4 இலட்சம். வருடத்தில் 20 தடவை போனால், பெற்றோலுக்கு முன்பே ஒரு பயணத்துக்கு 20,000 ரூபா. ஐந்து தடவை மட்டும் போனால் 80,000. கடைச் சரக்கில் சுழன்று இலாபம் தரும் பணம் கரையில் தூங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இறக்குமதி செய்பவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சுங்கப் பட்டியலில் மீன்பிடிப் படகு 8902, உல்லாசப் படகு 8903 என வெவ்வேறு தலைப்புகள். வரியைத் தெரிந்துகொண்ட பிறகே முற்பணம் அனுப்புங்கள். மீன்பிடிக்கென எடுத்த பதிவு பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதியாகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஸகாத் பற்றியும் கேட்கிறார்கள். சொந்தப் பாவனைப் படகுக்கு ஸகாத் இல்லை. வாடகைக்கு விட்டால், சேர்ந்த வருமானம் நிஸாபை அடைந்து வருடம் பூர்த்தியானால் இரண்டரை வீதம். விற்பதற்காக வாங்கியதென்றால் அது வியாபாரச் சரக்கு. மேலதிக விளக்கத்தை உங்கள் ஆலிமிடம் பெறுங்கள். வட்டிக் கடனில் உல்லாசம் வேண்டாம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நான்கு குடும்பங்கள் பங்கு சேர்ந்து வாங்குவது புத்திசாலித்தனம். யார் எப்போது எடுப்பது, திருத்தச் செலவு யாருடையது, பங்கை எப்படி விற்பது என்பவற்றைச் சாட்சிகளோடு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் முன், ஒரு பருவம் வாடகைப் படகில் போய்ப் பாருங்கள். எத்தனை தடவை உண்மையில் போனீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.