கடைசி கன்வர்ட்டிபிளை வாங்கிப் பூட்டி வைத்தவர்கள்

அமெரிக்காவில் பழைய கார்கள் விற்பனைக்கு வரும் இடங்களில் 1976ஆம் ஆண்டு காடிலாக் எல்டொராடோ அடிக்கடி கண்ணில் படும். மேல்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு, வெயிலும் காற்றும் மேலே பட ஓட்டிப்போகிற கன்வர்ட்டிபிள் வகை. பெயின்ட் மங்காது, தோல் இருக்கைகளில் சுருக்கம் விழுந்திருக்காது. ஓடோமீட்டர் சில ஆயிரம் மைல்களில் நிற்கும். ஐம்பது வருஷப் பழைய வண்டி இத்தனை புதுசாக இருப்பதைப் பார்த்தால் விலை எங்கேயோ போயிருக்கும் என்றுதான் தோன்றும். கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: நல்ல நிலையில் உள்ளவைகூடப் பெரும்பாலும் இருபது, முப்பது ஆயிரம் டாலருக்குள் கைமாறிவிடுகின்றன.

ஏன் இத்தனை மலிவு? அதற்குக் காரணம் அந்த வண்டி பிறந்த விதம்.

1965இல் அமெரிக்கர்கள் ஒரே ஆண்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கன்வர்ட்டிபிள்களை வாங்கினார்கள். அதன்பின் மோகம் சரசரவென்று இறங்கியது. காருக்குள் ஏசி வந்துவிட்டது. குளுகுளுவென்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவருக்குக் கூரையைத் திறக்க வேண்டிய தேவை என்ன? நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த காரில் போனால் பேச்சு காதில் விழாது, தலைமுடியும் நிற்காது. துணிக்கூரையைக் கத்தியால் கிழித்துத் திருடுவதும் சுலபம். இவற்றுக்கு மேல், வண்டி உருண்டால் கூரை தாங்க வேண்டும் என்று அரசு பாதுகாப்பு விதி கொண்டுவரப் போகிறது என்ற பயம் வேறு. கடைசியில் கன்வர்ட்டிபிள்களை அந்த விதியிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆனால் கம்பெனிகள் அதற்குள் கையைக் கழுவத் தொடங்கியிருந்தன. கிரைஸ்லர் 1971உடன் நிறுத்தியது, ஃபோர்டு 1973உடன். ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற கன்வர்ட்டிபிள்களும் 1975இல் போய்விட, மிஞ்சியது அதே குழுமத்தின் காடிலாக் எல்டொராடோ மட்டும்.

காடிலாக்கின் விற்பனைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். வண்டியைவிட அதன் மரணத்தை விற்கலாம் என்று கண்டுகொண்டார்கள். "கடைசி அமெரிக்க கன்வர்ட்டிபிள்" என்று விளம்பரம் தூள் பறந்தது. 1975இல் சுமார் 9,000 எல்டொராடோ கன்வர்ட்டிபிள்கள் செய்த கம்பெனி, 1976இல் 14,000 செய்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி டெட்ராய்ட் தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டி வெளிவந்தபோது பத்திரிகைக்காரர்கள் திரண்டார்கள். அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு என்பதால் கடைசி 200 வண்டிகளையும் ஒரே அச்சாகச் செய்திருந்தார்கள்: வெள்ளை உடல், வெள்ளைக் கூரை, வெள்ளைத் தோல் இருக்கை, சிவப்பு, நீலத்தில் மெல்லிய கோடுகள்.

பட்டியல் விலை சுமார் 11,000 டாலர். அதற்கு மேலே கொடுத்தும் வாங்கினார்கள், பலரும் ஓட்டுவதற்காக அல்ல. ஷெட்டில் நிறுத்தி, உறையைப் போட்டு மூடி, பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்று காத்திருந்தார்கள். நம் ஊரில் நிலம் வாங்கி வேலி போட்டு வைப்பதைப் போல.

ஆறே வருஷம். 1982இல் கிரைஸ்லர் லெபாரன் என்ற கன்வர்ட்டிபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போது அந்தக் கம்பெனியின் தலைவர் லீ அயகோக்கா. சந்தை ஆய்வு எதற்கும் காத்திருக்காமல், ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு தானே தெருவில் ஓட்டிப் பார்த்ததாகவும், ஜனங்கள் பின்னாலேயே வந்ததாகவும் தன் சுயசரிதையில் சொல்கிறார். அடுத்த ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கும் கூரையைத் திறந்தது. 1984இல் வந்ததுதான் உச்சம்: காடிலாக்கே புதிய எல்டொராடோ கன்வர்ட்டிபிள் ஒன்றை 31,000 டாலருக்கு மேல் விலை வைத்து விற்றது. எழுபத்தாறில் "கடைசி" என்று நம்பி வாங்கியவர்கள் கொதித்துப்போய், ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை.

விலைவாசி ஏற்றத்தைக் கணக்கிட்டால் அன்றைய 11,000 டாலர் இன்று சுமார் 60,000 டாலருக்குச் சமம். ஷெட் வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல்.

இதற்கு நேர் எதிரான கதை 1971 பிளிமத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள். ஏழு லிட்டர், 425 குதிரைத்திறன் எஞ்சின். அப்படியொரு வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டி மாளாது. வாங்க ஆளில்லாததால் செய்தவை ஒரு டஜனைக்கூடத் தாண்டாது. இதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்? 2014இல் சியாட்டில் ஏலத்தில் அவற்றில் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. எல்டொராடோவை ஆயிரக்கணக்கானோர் பத்திரப்படுத்தினார்கள். அதனாலேயே இன்றும் தேவைக்கு மேல் கிடைக்கிறது.

ஓட்டி மகிழ நினைப்பவருக்கு இது ஒரு வகையில் யோகம்தான். 8.2 லிட்டர் எஞ்சின். அத்தனை பெரிய எஞ்சினிலிருந்து கிடைப்பது 190 குதிரைத்திறன் என்பது அந்தக் காலப் புகைக் கட்டுப்பாடுகளின் விளைவு. நீளம் ஐந்தே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை இரண்டு டன்னைத் தாண்டும், பெட்ரோல் லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர். விரைவது அதன் வேலையல்ல, மிதப்பதுதான்.

ஆனால் குறைவாக ஓடிய வண்டி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. நிறுத்தியே வைத்திருந்தாலும் கார் மூப்படையும். டயரில் பூ அப்படியே இருக்கும், ரப்பர் இறுகி வெடித்திருக்கும். பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகப் படிந்திருக்கும். பிரேக் பைப்புகளும் எஞ்சின் சீல்களும் காய்ந்து ஒழுகும். இந்த மாடலுக்கே உரிய நோய் ஒன்றும் உண்டு: பம்பருக்கும் பாடிக்கும் இடையே பொருத்திய பிளாஸ்டிக் துண்டுகள் தொட்டாலே நொறுங்கும், வண்டி ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கூரை. கத்தரிக்கோல் மாதிரி உள்நோக்கி மடங்கும் இந்த இயந்திர அமைப்பு வளைந்திருந்தாலோ பல்சக்கரம் தேய்ந்திருந்தாலோ, சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை. அதனால் விபரம் தெரிந்தவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன்பே, விற்பவரைக் கூரையை ஒரு தடவை முழுசாக இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்கிறார்கள். மடக்கிய கூரைமேல் போட்டு மூடும் இரண்டு கெட்டியான மூடித்துண்டுகள் டிக்கியில் இருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். பல வண்டிகளில் அவை எப்போதோ தொலைந்துபோயிருக்கும். இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.