மரநிழலே ஆலயம்



யப்பானிய நாட்டுப்புறத்தில் ஒரு சின்டோ சிற்றாலயத்தைத் தேடிச் செல்வோர் முதலிற் காண்பது கோபுரத்தை அன்று, மரக்கூட்டத்தையே. அம்மரங்களிடையே 'தோரி' எனப்படும் வாயில் நிற்கும். இரு தூண்கள், மேலே குறுக்குச் சட்டங்கள், கதவு கிடையாது. அங்கே தலைவணங்கிப் பாதையின் ஓரமாக நடத்தல் மரபு. நடுவழி தெய்வத்துக்குரியது. நீர்த்தொட்டியில் இடக்கை, வலக்கை, வாய் என முறையே தூய்மை செய்து, சந்நிதியில் இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவர். தெய்வம் உறையும் பொருள் உள்ளே மறைந்திருக்கும். கண்ணுக்குப் புலப்படுவது காடுதான். ஆதலால் மரம் வீழ்ந்தால் ஆலயமே வீழ்ந்ததாகும்.

இது கற்பனையன்று. 1906ஆம் ஆண்டு மெய்ஜி அரசு, சிற்றாலயங்களை ஒன்றிணைக்கும் ஆணையைப் பிறப்பித்தது. ஏறத்தாழ 70,000 ஆலயங்கள் மறைந்தன. அவற்றின் மரங்கள் விலைபோயின. வாக்கயாமா மாநிலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

அங்கே எதிர்த்து நின்றவர் மினாக்காத்தா குமகுசு என்னும் இயற்கை ஆய்வாளர். இலண்டனில் பல்லாண்டு கற்றுத் திரும்பியவர். ஆலயம் போனால் ஊரவர் கூடும் இடம் போகும். மரம் போனால் பறவை போகும். பறவை போனால் பூச்சி பெருகிப் பயிர் அழியும் என்று அவர் வாதிட்டார். 1910இல் கூட்டமொன்றினுட் புகுந்து கலகம் செய்தாரென்று சிறையும் சென்றார். 1920இல் பிரபுக்கள் சபை இணைப்புக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது.

குமானோ யாத்திரைப் பாதையில், நோனாக்கா என்னும் மலையூரில், சுகிசாக்குரா ஓஜி என்ற சிற்றாலயம் உண்டு. கற்படிகளின் இருமருங்கும் அவர் முயற்சியால் எஞ்சிய முதிய சீடர் மரங்கள் சில நிற்கின்றன. அவற்றின் கிளைகள் ஒரே திசை நோக்கி நீண்டிருப்பதால் 'ஒருதிசைச் சீடர்கள்' எனப் பெயர்பெற்றன. 2004இல் அப்பாதை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது.

இன்று நெருக்கடி வேறு. நாட்டுப்புறத்தில் ஒரே பூசகர் பல ஆலயங்களைப் பார்க்கிறார். சருகு கூட்டுவோர் ஊரிலுள்ள முதியவர்களே. இளையோர் நகரம் சென்றுவிட்டனர். அன்று கோடரியைத் தடுக்க ஒருவர் எழுந்தார். இன்று எவரும் வெட்டவில்லை. ஆயினும் விளக்குமாறு ஏந்தும் கைகள் குறைந்து வருகின்றன. ஆணையை எதிர்க்கலாம், ஆளின்மையை எவ்வாறு எதிர்ப்பது? நேயர்களே, சிந்திப்போமாக.