மணிக்கட்டில் ஒரு மருத்துவரா?



2025ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து, குழந்தைகளுக்கு ஆசீர் பெற வந்தவர்களும் சென்ற பிறகு, எங்கள் பங்கின் இளைஞர் ஒருவர் தயங்கியபடி வந்து நின்றார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். வயது இருபத்து நான்கு. கையிலிருந்த போனை நம்மிடம் நீட்டினார். அந்த மாதம்தான் விற்பனைக்கு வந்திருந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 11இன் படம் அதில் இருந்தது. அப்போது அதன் விலை 46,900 ரூபாயில் தொடங்கியது.

"ஃபாதர், போனஸ் வரப்போகுது. மீதியை இ.எம்.ஐ.ல கட்டிடலாம். இதை வாங்கலாமா?"

நமக்கு உடனே ஒரு மறையுரை தயாராகிவிட்டது. எளிமை, சிக்கனம், ஊரில் தங்கையின் படிப்பு என்று மூன்று தலைப்புகள்கூட மனதில் வந்துவிட்டன. நாம் வாய் திறக்கும் முன் அவரே தொடர்ந்தார். "பி.பி. இருந்தா இது சொல்லிடுமாம் ஃபாதர். அப்பாவுக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அவருடைய தந்தை அயர்னிங் தொழிலாளி. நாற்பத்தேழு வயதில், நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர், மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியது நாமே. ஒரு முறைகூட அவர் ரத்த அழுத்தம் பார்த்ததில்லை என்று அன்று வீட்டார் சொன்னார்கள். நாம் ஆசை என்று எண்ணியது உண்மையில் அச்சம். மறையுரையை மடித்து வைத்துவிட்டு, இந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி இன்னும் பலர் மனதில் இருக்கும் என்று நினைக்கிறோம்.

கைக்கடிகாரம் நமக்குப் புதிதல்ல. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்க, ஓசூரில் ஆலை எழுந்தது. நாம் குருப்பட்டம் பெற்ற அன்று தாய்மாமன் கட்டிவிட்டது ஓர் எச்.எம்.டி. ஜனதா. தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்துவிட்டது. நம்முடையது இன்னும் ஓடுகிறது. பழுதானால் பெட்டிக்கடை அளவில் இருக்கும் ரிப்பேர்க்காரர் பார்த்துக் கொடுத்துவிடுவார். புதிய ஸ்மார்ட் வாட்சுக்கு அந்த ஆயுள் இல்லை. அதன் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பிறகு நிறுவனம் மென்பொருள் வழங்குவதையும் நிறுத்திவிடும். வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். வாட்சின் அடிப்பக்கம் பச்சை நிற ஒளி மின்னுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் கூடும், திரும்பி வரும் ஒளி குறையும். இரு துடிப்புகளுக்கு இடையே ரத்தம் குறையும், ஒளி கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித் துடிப்பைச் சொல்கிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். வேர்வையில் வாட்ச் தளர்ந்து நழுவினாலோ, கை ஓயாமல் ஆடினாலோ தடுமாறும். அடிக்கணக்கும் அப்படித்தான். கையின் அசைவை வைத்தே அது அடிகளைக் கணிக்கிறது. நின்ற இடத்திலேயே நாள் முழுவதும் அயர்ன் பாக்ஸைத் தள்ளுகிறவரின் அடிக்கணக்கை நாம் அவ்வளவாக நம்ப மாட்டோம்.

நாடித் துடிப்பு வேறு, ரத்த அழுத்தம் வேறு. ரத்தம் குழாயின் சுவரை எவ்வளவு அழுத்துகிறது என்பதை ஒளியால் நேரடியாக அளக்க முடியாது. சாம்சங் வாட்சில் ரத்த அழுத்தம் பார்க்கும் வசதியைப் பயன்படுத்த, முதலில் கையில் பட்டை கட்டிக் காற்று ஏற்றும் கருவியால் அளந்து, அந்த எண்ணை வாட்சுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை மறுபடியும் செய்ய வேண்டும். ஆக, அந்த வாட்சை வைத்திருப்பவருக்கும் பழைய கருவி தேவைப்படுகிறது.

நம் இளைஞர் கேட்ட வாட்ச் ரத்த அழுத்தத்தின் எண்ணையே காட்டாது. முப்பது நாள் நாடியின் போக்கைக் கவனித்து, உயர் ரத்த அழுத்தத்தின் அறிகுறி தென்பட்டால் ஓர் எச்சரிக்கை தரும், அவ்வளவுதான். நிறுவனமே வெளியிட்ட ஆய்வின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேரை மட்டுமே அது கண்டுபிடித்தது. கண்டுபிடிக்கப்பட்ட நால்வருக்கு அது பெரிய நன்மை, மறுப்பதற்கில்லை. மீதி ஆறு பேர் "வாட்ச் ஒன்றும் சொல்லவில்லையே" என்று நிம்மதியாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? அந்த இளைஞரின் தந்தை எந்தக் கணக்கில் வந்திருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்?

இதய ஓட்டம் ஒழுங்கு தவறுவதைக் கண்டறிவதில் இவ்வகை வாட்சுகளுக்கு ஓரளவு நல்ல பெயர் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் நிதியுதவியுடன் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 4,19,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவர்களில் 2,161 பேருக்கு, அதாவது இருநூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில், எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை பெற்று, பிறகு மார்பில் இ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கு அந்த ஒழுங்கின்மை பதிவானது. அது வந்து வந்து போகும் நோய் என்பதால் மற்றவர்களுக்கு வந்த எச்சரிக்கை பொய் என்று சொல்லிவிட முடியாது. எப்படியும் இறுதி முடிவு மருத்துவரிடம்தான்.

விலை அதிகம் என்று மலிவானதைத் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இதில் நம் சொந்த அனுபவமே உண்டு. 2022இல் பங்குத் திருவிழாவின்போது ஒருவர் அன்போடு ஒரு வாட்ச் பரிசளித்தார். எந்த நிறுவனம் என்று சொல்லத் தேவையில்லை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் நாடி, பி.பி., ஆக்ஸிஜன் எல்லாம் காட்டும். நமக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. வாட்ச் தினமும் நல்ல எண்ணாகவே காட்டியதால் மாத்திரையில் அலட்சியம் வந்தது. இரண்டு மாதம் கழித்துத் தலைசுற்றல் என்று மருத்துவரிடம் போனால், 170க்கு 100. அன்று மாலை விஷயத்தைக் கேட்ட கோயில்பிள்ளை, ஒன்றும் பேசாமல் அந்த வாட்சை வாங்கிப் பீடத்தின் தடித்த மெழுகுவர்த்தி ஒன்றில் கட்டினார். மெழுகுவர்த்திக்கு ரத்த அழுத்தம் 118க்கு 76. ஒளி எதிலாவது பட்டுத் திரும்பினால் போதும், ஓர் எண்ணைக் காட்டிவிடும் கருவி அது. வாட்ச் இப்போது அறை மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது.

ஊசி குத்தாமல் சர்க்கரை அளவைச் சொல்லும் என்று விற்கப்படும் வாட்சுகளும் உள்ளன. அப்படித் தானாகச் சர்க்கரையை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் அத்தகைய எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ உயிருக்கே ஆபத்து.

உறக்கத்துக்கு வருவோம். திருப்பூரைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம் என்று நமக்குத் தோன்றுகிறது. புதிய ஆப்பிள் வாட்ச் உறக்கத்துக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதற்கு 50, தினமும் ஒரே நேரத்தில் படுக்கிறோமா என்பதற்கு 30, இடையில் விழித்தோமா என்பதற்கு 20. காலை எட்டரைக்கு உள்ளே போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வெளியே வருகிறவர், ஷிப்மென்ட் அவசரம் என்றால் விடிய விடிய இருக்கிறவர், அந்த முப்பதை எங்கிருந்து வாங்குவார்? தூக்கம் போதவில்லை என்பது அவருக்குத் தெரியும். எட்டு மணி நேரத்துக்குரிய சம்பளத்தில் குடும்பம் நடக்காது என்பதும் தெரியும். பெரிய கம்பெனிகளில் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் டைலரின் பின்னால் நின்று, ஒரு பீஸுக்கு எத்தனை நொடி என்று கணக்கெடுக்கிறார். அது ஒரு கடிகாரம். இப்போது மணிக்கட்டில் இன்னொன்று ஏறி, "நீ சரியாகத் தூங்கவில்லை" என்கிறது. இரண்டுமே தொழிலாளியைத்தான் கேள்வி கேட்கின்றன, ஷிப்ட்டை யாரும் கேட்பதில்லை.

கடிகாரம் யாருடைய கையில் இருக்கிறது என்பது பழைய வழக்கு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் சில நெசவாலைகளில் முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளியும் மாலையில் பின்னே இழுத்தும் வைத்தார்கள் என்றும், தொழிலாளர்கள் சொந்தக் கடிகாரம் வைத்துக்கொள்ள அஞ்சினார்கள் என்றும் வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். அந்த நூற்றாண்டின் இறுதியில், 1891இல், வேலை நேரத்துக்கு வரம்பும் போதிய ஓய்வும் வேண்டும் என்று தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார் திருத்தந்தை 13ஆம் லியோ. அவரை மனதில் கொண்டே 2025 மே மாதம் தம் பெயரைத் தேர்ந்துகொண்ட திருத்தந்தை 14ஆம் லியோவின் மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருந்ததைப் படங்களில் பார்த்தோம். அவருக்கு முன் இருந்த பிரான்சிஸ் கட்டியிருந்ததோ மலிவான பிளாஸ்டிக் கடிகாரம். ஆகவே வாட்ச் கட்டுவது பாவமா என்று நம்மிடம் யாரும் கேட்க வேண்டாம்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். விலையை மாதச் சம்பளத்தோடு ஒப்பிடுவது தவறான கணக்கு. சனிக்கிழமை சம்பளத்தில் வாடகை, மளிகை, சீட்டு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போகக் கையில் நிற்பது எவ்வளவு? அதோடு ஒப்பிட வேண்டும். வாரம் 800 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 46,900 ரூபாய் என்பது ஓராண்டைத் தாண்டிய மிச்சம். "வட்டியில்லா இ.எம்.ஐ." என்கிறார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டியை விலையிலோ தள்ளுபடியிலோ மறைத்துவிடுகிறார்கள். தவணை தேதி மாறாது, நம் ஊரில் வேலை மாறும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது ஆர்டர்கள் நின்று, ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட்டாகச் சுருங்கியதை எத்தனை வீடுகளில் பார்த்தோம்! அந்த இளைஞர் நம்மிடம் வந்தது அந்த நாட்களில்தான்.

இவ்வளவும் சொன்னதால், யாருக்குமே இது வேண்டாம் என்று பொருளல்ல. பிள்ளைகள் இங்கேயோ வெளிநாட்டிலோ இருக்க, ஊரில் தனியாக வாழும் தாய் தந்தையர் பலர். விலை உயர்ந்த வாட்சுகளில், கட்டியிருப்பவர் கீழே விழுந்து அசையாமல் கிடந்தால் தானாகவே உதவிக்கு அழைக்கும் வசதி இருக்கிறது. போனோ அதற்கென்று தனி இணைப்போ அருகில் இருக்க வேண்டும், தினம் சார்ஜ் போட வேண்டும். அதற்கு ஒரு பேரப்பிள்ளை பழக்கிக் கொடுத்தால், குளியலறையில் வழுக்கி விழுந்து விடியும்வரை கிடக்க வேண்டியிராது. ஆப்பிள் வாட்சில் 55 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த வசதி தானே இயங்கத் தொடங்கிவிடுமாம். அந்த வயதை நெருங்கிவிட்ட நமக்கு இந்தச் செய்தி அவ்வளவு இனிக்கவில்லை.

இளைஞரிடம் இரண்டு கேள்விகள் கேட்டோம். முதலாவது, "உங்க போன் என்ன போன், தம்பி?" ஆண்ட்ராய்டு. அந்த வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் இணையும். அப்படியானால் போனும் வாங்க வேண்டும். அவர் சிரித்துவிட்டார். இரண்டாவது, "நீங்க எப்பவாவது பி.பி. பார்த்திருக்கீங்களா?" இல்லை. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்கு முக்கால் விழுக்காடு பிடிக்கிறார்கள், கம்பெனி மூன்றேகால் விழுக்காடு கட்டுகிறது. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் வீடு தேடி வந்தே அளக்கிறார்கள். அவர்கள் வரும் பகல் நேரத்தில் இவர் வீட்டில் இருப்பதில்லை.

அடுத்த நாள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனார். 148க்கு 94. ஒரு நாள் அளவை வைத்து முடிவு சொல்ல முடியாது, உப்பைக் குறைத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி வாருங்கள் என்று மருத்துவர் சொன்னாராம். கையில் பட்டை கட்டி அளக்கும் கருவி இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் என்று சொன்னோம். அம்மாவுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வாட்சைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. மருந்தகத்தில் வரிசை நீளமாக இருந்ததால் அரை ஷிப்ட் சம்பளம் போய்விட்டது, இரண்டாம் முறை போக சூப்பர்வைசர் விடுவாரா தெரியவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.