பளபளப்பு மட்டும் போதாது: சமையலறைத் தூய்மைக்கு அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டிய வழிமுறைகள்

புது டெல்லி: மாசடைந்த உணவினால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 60 கோடிப் பேர் நோய்வாய்ப்படுகின்றனர், அவர்களுள் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் உயிரிழக்கின்றனர் என்று உலக சுகாதார அமைப்பு 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு தெரிவித்தது. இறப்போரில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆவர். கெட்டுப்போன உணவு என்றதும் தெருவோரக் கடைகளும் உணவகங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நாள்தோறும் நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதி வீட்டுச் சமையலறையில்தான் தயாராகிறது. எனவே, குடும்பத்தின் உடல்நலக் காவலும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

மேடையைத் துடைத்து, பாத்திரங்களை அடுக்கிவிட்டால் சமையலறை தூய்மையாகத் தோன்றும். எனினும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு மூன்று பொருட்கள் போதும்: சிறிதளவு உணவுத் துணுக்கு, ஈரம், வெப்பம். நம் நாட்டின் தட்பவெப்பத்தில் வெப்பத்தைத் தவிர்ப்பது எளிதன்று. ஆகவே, உணவுத் துணுக்குகளை அகற்றுவதும் ஈரத்தைப் போக்குவதுமே நம் கையில் உள்ளவை. குறிப்பாக மழைக்காலத்தில் ஈரம் உலராமல் தங்குவதால், இந்த இரண்டிலும் கூடுதல் கவனம் தேவை.

முதலில் கழுவுதல், பிறகு கிருமிநீக்கம்

தூய்மை செய்தலும் கிருமிநீக்கமும் வெவ்வேறு பணிகள். சோப்பும் நீரும் எண்ணெய்ப் பிசுக்கையும் உணவுத் துணுக்குகளையும், அவற்றோடு ஒட்டியிருக்கும் கிருமிகளில் பெரும்பகுதியையும் நீக்கிவிடும். எஞ்சிய கிருமிகளை அழிப்பது கிருமிநாசினியின் பணி. அழுக்குப் படிந்த மேடையின் மீது நேரடியாகக் கிருமிநாசினியைத் தெளித்தால், அதன் ஆற்றல் அழுக்கிலேயே வீணாகிவிடும். முதலில் சோப்பு நீரால் கழுவித் துடைத்து, அதன் பின்னரே கிருமிநாசினியைப் பயன்படுத்த வேண்டும். அதையும் உடனடியாகத் துடைத்து எடுக்காமல், புட்டியில் குறிப்பிடப்பட்டுள்ள நேரம் வரை விட்டுவைக்க வேண்டும்.

அன்றாடச் சைவச் சமையலுக்குப் பின்னர், சோப்பு நீரால் துடைத்து உலர விடுவதே பெரும்பாலும் போதுமானது. பச்சை இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றைக் கையாண்ட பிறகும், வீட்டில் எவருக்கேனும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டிருக்கும்போதும் கிருமிநீக்கம் அவசியமாகிறது.

கைகளும் துணிகளும்

சமையலறையில் கிருமிகள் தாமாக நடந்து செல்வதில்லை. கைகளும் துணிகளுமே அவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எடுத்துச் செல்கின்றன. சமைக்கத் தொடங்கும் முன்பும், பச்சை இறைச்சியைத் தொட்ட பிறகும், குப்பைக் கூடையைக் கையாண்ட பிறகும் குறைந்தது 20 விநாடிகள் சோப்பிட்டுக் கைகளைக் கழுவ வேண்டும். சமையலின் நடுவே கைபேசியைத் தொடுவோர் இதை மறந்துவிடுகின்றனர். கைபேசியைத் தொட்ட கையால் மாவு பிசைவது முறையன்று.

ஒரே துணியால் மேடையையும், கைகளையும், சூடான பாத்திரத்தையும், குழந்தையின் தட்டையும் துடைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இது தூய்மையின் பெயரால் கிருமிகளைப் பரப்பும் செயலாகும். மேடைக்கு ஒன்று, கைகளுக்கு ஒன்று, கழுவிய பாத்திரங்களுக்கு ஒன்று என மூன்று நிறங்களில் துணிகளை ஒதுக்கிக்கொண்டால் குழப்பம் நேராது. பழைய பருத்தி வேட்டி, சேலைத் துண்டுகளே இதற்குப் போதும். அவற்றை நாள்தோறும் சோப்பிட்டுத் துவைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். வாரம் ஒருமுறை கொதிநீரில் சில நிமிடங்கள் போட்டு எடுப்பது நலம்.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீடுகளில் பயன்படுத்தப்பட்ட 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 362 வகையான பாக்டீரியாக்களின் தடயங்கள் காணப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை நோயை உண்டாக்குபவை அல்ல. ஆயினும், பழைய ஸ்பாஞ்சைக் கிருமிநீக்கம் செய்து தொடர்ந்து பயன்படுத்துவதைவிட, அடிக்கடி மாற்றுவதே மேல் என்பதே அந்த ஆய்வு உணர்த்திய பாடம். வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சை மாற்றலாம். விரைவில் உலரும் கம்பி நார், தேங்காய் நார், தூரிகை ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். எதுவாயினும், சோப்பு நீர் தேங்கிய கிண்ணத்தில் ஊற விடாமல் பிழிந்து, காற்றுப்படும் இடத்தில் வைக்க வேண்டும்.

தொட்டியும் வடிகாலும்

இரவில் எச்சில் பாத்திரங்களைத் தொட்டியில் ஊற வைத்துவிட்டு உறங்கச் செல்வது, கிருமிகளுக்கும் கரப்பான்பூச்சிகளுக்கும் விருந்து வைப்பதற்குச் சமம். அனைத்தையும் துலக்க இயலாத நாட்களிலும், உணவு மிச்சங்களை வழித்து அகற்றி, பாத்திரங்களை நீரில் அலசிக் கவிழ்த்து வைக்கலாம். தொட்டியின் சுவர்களையும், குழாயின் கைப்பிடியையும், வடிகால் வாயில் உள்ள சல்லடையையும் நாள்தோறும் சோப்பிட்டுத் தேய்க்க வேண்டும். பயன்படுத்திய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அது குழாயினுள் படிந்து, பிற கழிவுகளையும் பிடித்து வைத்துக்கொண்டு அடைப்பை உண்டாக்கும்.

நறுக்கும் பலகையும் பச்சை இறைச்சியும்

பச்சை உணவையும் சமைத்த உணவையும் பிரித்து வைப்பது, உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிமுறைகளுள் ஒன்று. இறைச்சி, மீனுக்கு ஒரு பலகையும் கத்தியும், காய்கறி, பழங்களுக்கு வேறொரு பலகையும் கத்தியும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பலகைதான் உள்ளது என்றால், பச்சையாக உண்ணும் வெள்ளரி, வெங்காயம், பழங்களை முதலில் நறுக்கிவிட்டு, இறைச்சியை இறுதியாக நறுக்கலாம். ஆழமான கீறல்களும் வெடிப்புகளும் விழுந்த பலகையைக் கழுவினாலும் இடுக்குகளில் அழுக்குத் தங்கிவிடும். அதை மாற்றுவதே முறை.

கோழி இறைச்சியைக் குழாயடியில் வேகமாக நீர் விட்டுக் கழுவும்போது, கிருமிகள் கலந்த நீர்த்திவலைகள் மேடையிலும் அருகிலுள்ள பாத்திரங்களிலும் தெறிக்கின்றன. கிருமிகளை அழிப்பது கழுவுதல் அன்று. நன்றாக வேக வைத்தலே. இறைச்சியின் உட்பகுதியும் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும். கடையில் வாங்கிய இறைச்சியைக் கழுவியே தீர வேண்டும் என்போர், ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பி, தெறிக்காமல் அலசி எடுத்து, உடனே தொட்டியைச் சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும்.

அடுப்பு, மேடை, மிக்ஸி

சிந்திய பாலும் குழம்பும் காய்ந்து இறுகிய பிறகு சுரண்டுவதைவிட, அடுப்பு ஆறியவுடன் துடைப்பது எளிது. அடுப்பைத் தூய்மை செய்யும் முன்பு எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை அடைத்துவிட வேண்டும். பர்னரைக் கழற்றி, வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, துளைகளில் உள்ள அடைப்பை நீக்கி, முழுவதும் உலர்ந்த பின்னரே பொருத்த வேண்டும். சுடர் நீல நிறத்தில் எரிய வேண்டும்; மஞ்சள் நிறம் மிகுந்தால் எரிவாயு சரியாக எரியவில்லை என்று பொருள். எரிவாயு கசியும் வாடை வந்தால் மின்விசை எதையும் தொடாமல், ரெகுலேட்டரை அடைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கலாம்.

வட மாநிலங்களில் பல வீடுகளில் சமையல் மேடை பளிங்குக் கல்லால் ஆனது. எலுமிச்சையும் வினிகரும் பளிங்கை அரித்து மங்கச் செய்யும் என்பதால், அங்கு மிதமான சோப்பு நீரே உகந்தது. அலுமினியப் பாத்திரங்களைச் சலவை சோடாவால் தேய்த்தால் அவை கறுத்துவிடும். இரும்புத் தோசைக்கல், வாணலி ஆகியவற்றைக் கழுவியவுடன் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுடன் வைத்தால் துருப்பிடிக்காது.

மிக்ஸி ஜாடியின் மூடியில் உள்ள ரப்பர் வளையம், குக்கரின் காஸ்கெட், அதன் ஆவி வெளியேறும் துளை ஆகியவை எளிதில் மறக்கப்படும் இடங்கள். இவற்றைக் கழற்றிக் கழுவி, தனித்தனியே உலர்த்த வேண்டும். சிம்னியின் வடிகட்டியிலும் காற்று வெளியேற்றும் விசிறியிலும் படியும் எண்ணெய்ப் பிசுக்கு தீப்பற்றக் கூடியது. எனவே, மாதம் ஒருமுறையேனும் அவற்றைத் தூய்மை செய்வது தீ விபத்தைத் தவிர்க்கவும் உதவும்.

குளிர்சாதனப் பெட்டி

குளிர்சாதனப் பெட்டி கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் விரைவாகப் பெருகும். எனவே, சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சோறு இதில் தனிக் கவனத்துக்குரியது. அரிசியில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கி, சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது மீண்டும் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பின்னர் சூடாக்கினாலும் அந்த நஞ்சு முழுவதும் அழியாது. மிஞ்சிய சோற்றை அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆற வைத்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பானது.

சமைத்த உணவை மேல் தட்டிலும், பச்சை இறைச்சியை மூடிய பாத்திரத்தில் கீழ்த் தட்டிலும் வைத்தால், நீர் வடிந்து உணவில் கலக்காது. வாரம் ஒருமுறை கெட்டுப்போனவற்றை அகற்றித் தட்டுகளைத் துடைக்க வேண்டும்.

குப்பையும் கரப்பான்பூச்சியும்

வீட்டிலேயே கழிவுகளைத் தரம் பிரிக்க வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வலியுறுத்தின. மக்கும் குப்பைக்கு மூடியுள்ள தனிக் கூடை வைத்து, நாள்தோறும் இரவுக்குள் அதை வெளியேற்றிக் கூடையையும் கழுவ வேண்டும்.

கரப்பான்பூச்சிகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதோடு, ஆஸ்துமா உள்ளோரின் துன்பத்தையும் கூட்டுகின்றன. உணவின்றிப் பல நாட்கள் தாங்கும் இவை, நீரின்றி அவ்வளவு நாட்கள் தாங்குவதில்லை. மருந்து தெளிக்கும் முன்பு, சொட்டும் குழாயைச் சரிசெய்வதும், இரவில் தொட்டியைத் துடைத்து உலர வைப்பதும், சுவரின் வெடிப்புகளை அடைப்பதும் நிலையான பலன் தரும். பருப்பு, மாவு வகைகளை இறுக மூடும் கலன்களில் வைத்து, பழையது தீர்ந்து கலனைக் கழுவி உலர்த்திய பின்னரே புதியதை நிரப்ப வேண்டும்.

கலக்கக் கூடாதவை

தூய்மை செய்யும் ஆர்வத்தில் பல திரவங்களை ஒன்றாகக் கலப்பது ஆபத்தில் முடியக்கூடும். பிளீச்சுடன் வினிகரையோ அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையோ சேர்த்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா கலந்த திரவத்துடன் சேர்த்தாலும் நச்சு வாயுவே உண்டாகும். காற்றோட்டம் குறைந்த சிறிய சமையலறையில் இது மூச்சுத்திணறலை ஏற்படுத்தும். சமையல் சோடாவையும் வினிகரையும் கலப்பதால் தீங்கில்லை. ஆனால், இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்வதால், நுரை பொங்குமளவுக்குப் பயன் கிடைப்பதில்லை. தனித்தனியே பயன்படுத்துவதே நன்று. இத்தகைய திரவங்களைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைக்கக் கூடாது. குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்திலேயே வைக்க வேண்டும்.

பணிகளை எவ்வாறு பிரித்துக்கொள்வது?

நாள்தோறும்: மேடை, அடுப்பு, தொட்டியைத் துடைத்தல், துணிகளைத் துவைத்தல், குப்பையை வெளியேற்றுதல்.

வாரம் ஒருமுறை: குளிர்சாதனப் பெட்டி, பர்னர், அலமாரிக் கைப்பிடிகள், மின்விசைகளைத் துடைத்தல், ஸ்பாஞ்சை மாற்றுதல்.

மாதம் ஒருமுறை: சிம்னி வடிகட்டி, விசிறி, மளிகைக் கலன்களைத் தூய்மை செய்தல், எரிவாயு உருளையின் அடிப்பகுதியைத் துடைத்தல்.

இப்பணிகள் அனைத்தும் குடும்பத்தில் ஒருவர் மீதே, பெரும்பாலும் பெண்கள் மீதே விழுவதால்தான் பல வீடுகளில் அவை தடைபடுகின்றன. உண்ட தட்டைக் கழுவி வைப்பதைப் பிள்ளைகளும், இரவில் தொட்டியையும் மேடையையும் துடைப்பதை ஆண்களும் ஏற்றுக்கொண்டால் சுமை குறையும். வீடுகளில் பாதுகாப்பான உணவு குறித்து இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 'பிங்க் புக்' என்ற வழிகாட்டி நூலை வெளியிட்டுள்ளது. மேலும் அறிய விரும்புவோர் அதைப் பார்க்கலாம்.

விலை உயர்ந்த கிருமிநாசினிகள் இல்லாத வீட்டிலும் தூய்மையான சமையலறை இயலும். விளக்கை அணைக்கும் முன்பு தொட்டி காலியாகவும், மேடை உலர்ந்தும், குப்பைக் கூடை மூடியும் இருந்தால், மறுநாள் காலைச் சமையலுக்கான தூய்மைப் பணியில் பாதி முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.